ரயிலேறிய கைப்பிடி அரிசி

அலெக்ஸாண்டர் எதிரே வந்தால், நம் செருப்பு நம் காலில்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்க்கத் தோன்றும். அவன் தப்பில்லை. கண்கள் அப்படி அமைந்துவிட்டன. பக்கத்தில் நிற்பவரின் பையையே நோட்டம் விடுகிற மாதிரி. பேச்சும் கிடையாது. ஹார்பரில் கண்டெய்னர்களைக் கப்பலோடு சேர்த்துக் கட்டும் வேலை. இடது கையில் ஒரு விரலை ஏதோ ஒரு இரும்புக் கம்பி வாங்கிக்கொண்டு போயிருந்தது. விரல் போன கதையை அவன் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லாததால் தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு பிளாக்கில் அதற்கு ஏகப்பட்ட கதைகள் இருந்தன. எந்தக் கதையிலும் அவன் நல்லவன் இல்லை.

இத்தனைக்கும் அடி பம்பில் வாஷர் போனால் மாற்றுவது அவன்தான். சாக்கடை அடைத்தால் மூங்கில் கழியோடு வருவதும் அவன்தான். பிளாக்கில் யார் செத்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டவராக இருந்தாலும், பாடைக்கு ஒரு தோள் அவனுடையது. ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் சர்ச்சில் பூசை கண்டுவிட்டு வந்ததும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இப்படி எதிலாவது இறங்கிவிடுவான்.

அதுதான் பிளாக்குக்குப் பெரிய சந்தேகம்.

"ஏசுன்னு ஒரு வார்த்த சொல்றானா பாரு," என்பான் இரண்டாவது மாடி ஜெயவேல். "நோட்டீசு குடுக்கறவன நம்பலாம். வந்தான், குடுத்தான், பூட்டான். இவன் ஒண்ணியும் சொல்லாம சாக்கடை குத்தறான். அப்போ உள்ள இன்னா பிளான் வெச்சிருப்பான்?"

ஜெயவேல் டிரெய்லர் லாரி டிரைவர். தினமும் காலையில் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவான். அவன் குரலே பாதி ஹாரன். இரண்டு கிறிஸ்துமசுக்கு முன்னால் அலெக்ஸாண்டரின் கோயில்காரர்கள் கஷ்டப்படும் வீடுகளுக்கு அரிசிப் பையும் கேக்கும் கொண்டுவந்தபோது, தன் வாசலில் வைத்த பையை அவன் அப்படியே மாடிப்படியில் விசிறி எறிந்தான். "அரிசியக் காட்டி ஆளு புடிக்கிறீங்களா? நான் இன்னா எலியா?" என்றான். படியெல்லாம் அரிசி. அலெக்ஸாண்டர் துடைப்பம் எடுத்து வந்து கூட்டினான். அதையும் ஜெயவேல் சந்தேகமாகத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

கீழ்வீட்டுக் கெங்கம்மாவுக்கும் சந்தேகம் உண்டு. சந்தேகப்படாமல் அவளுக்கு டீகூட இறங்காது. தெருமுனையில் பஜ்ஜி போடுகிறவள்; எண்ணெய்க்காரனையும் கடலைமாவுக்காரனையும் சந்தேகித்தே தலை நரைத்தவள். ஆனால் அவள் புருஷன் சுப்பராயன் செத்தது ஒரு மழையில். தெருவில் முழங்கால் தண்ணீர். சொந்தக்காரர்கள் எல்லாரும் போனிலேயே அழுதார்கள். மூலக்கொத்தளம் வரைக்கும் தோள் மாற்றாமல் தூக்கி வந்தவன் அலெக்ஸாண்டர். திரும்பி வந்து ஒரு டீ குடித்தான். "வரேம்மா" என்றான். அவ்வளவுதான் துக்க விசாரிப்பு.

அதனால்தான், அவன் ஒரு நாள் காலி பிஸ்கட் டின்னோடு வந்து நின்றபோது அவளால் கதவைச் சாத்த முடியவில்லை.

"கோயில்ல பொம்பளைங்க சோறு வடிக்கசொல்ல ஒரு கைப்பிடி அரிசி தனியா எடுத்து வெப்பாங்கம்மா. வாரத்துக்கு ஒரு தபா கொண்ணாந்து கொட்டுவாங்க. இல்லாத வூட்டுக்குப் போவும். நம்ம பிளாக்குலயும் கேக்கலாம்னு..."

"கேளேன்."

"நான் தட்டுனா கதவு தொறக்க மாட்டன்றாங்க."

அவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கெங்கம்மா டின்னை வாங்கிக்கொண்டாள். வீடு வீடாக ஏறினாள். "எந்த வூட்டுக்குப் போவுது?" என்று எல்லாக் கதவும் கேட்டது. அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவளுக்குக் கிடையாது. "இல்லாத வூட்டுக்குத்தான். வேற எங்கனா போச்சுன்னா எம்மூஞ்சிலயே காறித் துப்புங்க," என்று மாடிக்கு மாடி சொல்லிவிட்டு வந்தாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் டின் நிறைந்தது. ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி, முதல் மாடி மெஹ்னாஸ் வீட்டுப் பிரியாணிக்கு மிஞ்சிய சீரகச் சம்பா என எல்லாம் ஒன்றாக, ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த ஜனம் மாதிரி நெருக்கிக்கொண்டு. செங்கொடியும் போட்டாள். செங்கொடி ஜெயவேலின் மனைவி. புருஷனின் காக்கிச் சட்டை தெருமுனை தாண்டியதும் பஜ்ஜிக் கடைக்கு ஓடிவந்து டின்னில் ஒரு கை போட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

இப்படியிருக்க, கெங்கம்மாவின் அக்கா மகள் கல்யாணம் வந்தது. ஒரு கிண்ணம் அட்சதை மிஞ்சியது. மஞ்சள் தடவிய அரிசி. கொட்டவும் மனசு வராது, வடிக்கவும் வராது. எவன் வீட்டுக்கோ போகிறது, வாழ்த்தோடு போகட்டும் என்று டின்னில் கவிழ்த்து ஒரு கிளறு கிளறினாள். மூட்டையில் கொட்டும்போது அலெக்ஸாண்டர் ஒரு மஞ்சள் மணியை எடுத்துப் பார்த்தான்.

"அட்சதை," என்றாள் கெங்கம்மா, சண்டைக்குத் தயாராக. "உங்க கோயில்ல ஆவாதா?"

"நல்லதுதானேம்மா," என்று அந்த மணியையும் மூட்டையில் போட்டுக் கட்டினான்.

அடுத்த வாரம் செங்கொடி வந்து கையை விரித்தாள். டின்னில் விழுந்த அரிசியில் மஞ்சள் மணிகள்.

கெங்கம்மாவின் கரண்டி எண்ணெயிலேயே நின்றது. பொன்னி, சம்பா, ரேஷன், மஞ்சள். தன் கையால் கிளறிய அதே கலவை. நம்மிடம் சும்மா வாங்கி நம் பிளாக்குக்கே விற்கிறானா இந்தத் திருட்டு முழிக்காரன்? அன்றைக்குப் பஜ்ஜியெல்லாம் கருகின.

போதாக்குறைக்கு ஜெயவேல் வந்தான்.

"யக்கா, உன் ஏசுதாசன் சனிக்கெழம சாயங்காலம் மூட்டையோட கும்மிடிப்பூண்டி ரயில்ல ஏறிக்கினு கீறான். நானே ஸ்டேஷன்ல பாத்தேன்."

அந்த ரயிலில் அரிசி மூட்டை என்றால், ஆந்திராவுக்குக் கடத்தல் என்று இந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"நீ பாத்தியா?"

"கண்ணால. நாயித்துக்கெழம தண்ணி வரசொல்ல எல்லாரும் பம்பாண்ட இருப்பாங்க. அரிசி எந்த வூட்டுக்குப் போவுதுன்னு நீ பேர் சொல்லணும். சொல்லலன்னா, மூஞ்சில துப்ப சொன்னியே, ஞாபகம் கீதில்ல?"

டிரெய்லர் ஓட்டுகிறவனுக்குச் சாயங்காலம் ஸ்டேஷனில் என்ன வேலை என்று அவள் கேட்டிருக்கலாம். பயத்தில் தோன்றவில்லை. புருஷன் போன பிறகு அவளுக்கென்று அந்த பிளாக்கில் இருந்தது அவள் வாய் ஒன்றுதான். 'கெங்கம்மா சொன்னா சொன்னதுதான்' என்பார்கள். அது போய்விட்டால் அப்புறம் அவள் வெறும் பஜ்ஜிக்காரி.

சனிக்கிழமை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு அலெக்ஸாண்டருக்குப் பின்னால் தண்டையார்பேட்டை ஸ்டேஷனுக்குப் போனாள். அவன் மூட்டையோடு ஏறினான். அவள் அடுத்த பெட்டியில் ஒரு மீன்காரியின் அன்னக்கூடைக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தாள். "யாராண்ட ஒளியற? புருசனாண்டயா?" என்று மீன்காரி கேட்டாள். "இவன்லாம் புருசனா இருந்தா அன்னிக்கே ரயில்ல பாஞ்சிருப்பேன்," என்றாள் கெங்கம்மா. திருவொற்றியூர் போயிற்று. விம்கோ நகர் போயிற்று. ஆந்திராதான், சந்தேகமே இல்லை என்று அவள் முடிவு கட்டியபோது, அவன் கத்திவாக்கத்தில் இறங்கினான்.

பிளாட்பாரத்தின் கோடி பெஞ்சில் ஒரு பெண் காத்திருந்தாள். செங்கொடி. அங்கே ஒரு குடோனில் பெருக்கும் வேலை அவளுக்கு. நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவள் விரித்த துணிக்கடைப் பையில் அலெக்ஸாண்டர் மூட்டையைச் சாய்த்துப் பாதி அரிசியைக் கொட்டினான்.

"ஆங்! மாட்டுனீங்களா!" என்று கெங்கம்மா முக்காட்டை உதறிக்கொண்டு பாய்ந்தாள். "துட்டு குடுத்தாடி வாங்கற, எங்க வூட்டு அரிசிய?"

செங்கொடி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "துட்டா? துட்டு இருந்தா நான் இன்னாத்துக்கு யக்கா இங்க நிக்கறேன்?"

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. ஓட்டிப்போன லாரி கவிழ்ந்ததில் ஜெயவேலுக்கு முதுகு போய்விட்டது. கம்பெனியும் கைவிட்டுவிட்டது. அதை பிளாக்கில் யாருக்கும் சொல்லக்கூடாது என்று செங்கொடியிடம் சத்தியம் வாங்கியிருந்தான். தினமும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போய் ஸ்டேஷன் பெஞ்சில் பொழுது சாயும்வரை உட்கார்ந்துவிட்டு வருகிறான். அவள் சம்பளத்தில் வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போக, சோற்றுக்குத் தேறவில்லை.

"உனுக்கு எப்டி நைனா தெரியும்?" என்று கெங்கம்மா அலெக்ஸாண்டரைக் கேட்டாள்.

"வேலைக்குப் போவசொல்ல பெஞ்சில பாத்தேன். திரும்பசொல்லயும் அங்கியே இருந்தாரு."

"மேல் மாடிக்கு எடுத்துனு போய்க் குடுக்க வேண்டியத ரயிலேத்தி, திரும்ப அதையே ரயிலேத்தி... உனுக்கு அறிவு கீதா?"

அலெக்ஸாண்டர் தரையைப் பார்த்தபடி பேசினான். அவன் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். "மூட்ட படியேறுனா எல்லாரும் பாப்பாங்கம்மா. ஏற்கெனவே நாங்க ஒரு தபா எல்லார் எதிர்லயும் அவர் வாசல்ல வெச்சி, அவர அசிங்கப்படுத்திட்டோம். அன்னிக்கு அவர் எறிஞ்சது தப்பில்ல. இங்கருந்து போனா கடைல வாங்குன அரிசி."

மீதி மூட்டை எண்ணூரில் வேறொரு வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நின்றான். கெங்கம்மாவும் செங்கொடியும் ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டியில், அறிமுகம் இல்லாதவர்கள் மாதிரி திரும்பி வந்தார்கள்.

"நீ மட்டும் இன்னாத்துக்குடி டின்னுல போட்ட?" என்று ஏறுமுன் கேட்டிருந்தாள் கெங்கம்மா.

"இல்லாத வூட்டுக்குப் போவுதுன்னு சொன்னியே யக்கா," என்றாள் செங்கொடி.

ஞாயிற்றுக்கிழமை. பம்படியில் குடங்கள் வரிசை. குடங்களுக்குப் பின்னால் ஜனம். ஜெயவேல் நடுவில் நின்றான். செங்கொடி கடைசிக் குடத்தின் கழுத்தைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அலெக்ஸாண்டர் பம்புக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அந்த முகம் அன்றைக்கும் எதையோ திருடிய முகம்தான்.

"சொல்லு யக்கா. பேரு சொல்லு."

கெங்கம்மாவின் வாயில் அந்தப் பேர் தயாராக இருந்தது. சொன்னால் அடுத்த நொடி ஜெயித்துவிடலாம். அவள் செங்கொடியைப் பார்த்தாள். பிறகு ஜெயவேலின் காக்கிச் சட்டையைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட இஸ்திரி போட்டிருந்தது.

"நான் போய்ப் பாத்துட்டேன். இல்லாத வூட்டுக்குத்தான் போவுது."

"எந்த வூடு?"

"சொல்ல மாட்டேன்."

"பீலா உடாத. சொல்லலன்னா துப்பலாம்னு நீதான சொன்ன?"

"ஆமா, சொன்னேன்." கெங்கம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "துப்பு."

ஜெயவேல் அவளைப் பார்த்தான். அவள் ஏன் இமைக்காமல் தன் சட்டைப் பொத்தானையே பார்க்கிறாள் என்று பார்த்தான். திரும்பினான். செங்கொடி காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பப் பார்ப்பதைப் பார்த்தான். எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றுவிட்ட அலெக்ஸாண்டரையும் பார்த்தான். வாயில் சேர்த்துவைத்திருந்ததை விழுங்கினான்.

"காலைல பேஜாரு," என்று முணுமுணுத்துக்கொண்டு படியேறிப் போனான்.

அந்த வாரம் பாதிக் கதவுகள் டின்னுக்குத் திறக்கவில்லை. "பேரு சொல்ல வாய் வரல, அரிசி கேக்க மட்டும் வருதா?" என்று மூன்றாவது மாடியில் முகத்துக்கு நேரே கேட்டார்கள். கெங்கம்மா சொன்னால் சொன்னதுதான் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. டின்னின் அடி தெரிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பஜ்ஜிக் கடைக்கு ஜெயவேல் வந்தான். காக்கிச் சட்டை இல்லை, லுங்கி கட்டியிருந்தான். கையை மூடி வைத்திருந்தான். டின்னுக்கு மேல் திறந்தான். பொன்னி, சம்பா, ரேஷன். நடுவில் ஒரு மஞ்சள் மணி.

கெங்கம்மா கரண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இந்த அரிசி ஒயுங்கா வேவ மாட்டுது யக்கா," என்றான் ஜெயவேல், தெருவைப் பார்த்தபடி. "ஒண்ணு குழையுது, ஒண்ணு கடிக்குது. போடறவங்கள ஒரே அரிசியா போட சொல்லு."

"நீயே மேல போய் சொல்லு. என் பேச்ச இப்போ எவன் கேக்கறான்?"

ஜெயவேல் டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முதுகு வலிக்கு ஒரு கையைக் கொடுத்தபடி படியேறினான். மூன்றாவது மாடியில் ஹாரன் கேட்டது: "யாரு வூட்ல? கதவத் தொற. கைப்பிடி அரிசி!"

கொஞ்ச நேரத்தில் அலெக்ஸாண்டர் மூட்டையோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். கெங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னும் இன்னாத்துக்கு நைனா ரயிலு? அவனுக்குத்தான் தெரிஞ்சிபோச்சே!"

"அவருக்குத் தெரியும்ன்றது செங்கொடிக்குத் தெரியாதேம்மா," என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான், போகிற வழியில் யார் பையையோ நோட்டம் விடுகிற மாதிரி.