நாத்தனார் விரலில் கிரீஸ்

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் கணவர் ஸ்டியரிங் பக்கமே போக மாட்டார். பழைய வண்டி, அடிக்கடி மக்கர் பண்ணும். அதன் அடியில் படுத்துப் படுத்தே அதன் குணமெல்லாம் எனக்கு அத்துப்படி ஆகியிருந்தது.

தம்பிக்கு மணப்பாறையில் கல்யாணம். மாப்பிள்ளை அன்று காலையில் வந்தால் போதும் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். உறவுக்காரர்களெல்லாம் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். தம்பியையும் தாய்மாமாவையும் ஏற்றிக்கொண்டு நான் விடியற்காலையில் கிளம்பினேன். அம்மா இல்லாத பிள்ளை, நான் வளர்த்தவன். அவன் தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனாராக நான் போட வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தேன்.

பிரேக் பெடல் அன்று கல் மாதிரி இருந்தது. பாதி வழியில் வண்டி திணறித் திணறி நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் உருள மாட்டேன் என்கிறது.

“கண்ணு பட்டிருக்கும்மா,” என்றார் மாமா. வரிசைப் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, சாவகாசமாகக் கற்பூரம் ஏற்றி, வண்டியைச் சுற்றி வந்து உடைத்தார். வண்டி நகர்ந்தது. அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நின்றது. “அக்கா, நேரமாகுதுக்கா,” என்றான் தம்பி. மாமா அடுத்த தேங்காயை எடுத்தார். நான் இறங்கிச் சக்கரத்தைத் தொட்டேன். கை சுட்டது.

“மாமா, பிரேக்ல யாராவது கை வச்சாங்களா?”

“நேத்து நாந்தான் ஒர்க்‌ஷாப் ஆளைக் கூட்டிட்டு வந்து டைட் பண்ணச் சொன்னேன். பெடல் சும்மா அமுங்கிச்சேம்மா. கல்யாண வண்டி, தொட்டா நிக்க வேண்டாமா?”

“அதான் தொடாமலே நிக்குதே.”

பெடல் சும்மா அமுங்கும் அந்தக் கொஞ்ச தூரத்தை மெக்கானிக்குகள் ப்ளே என்பார்கள். அது இல்லாவிட்டால் பிரேக் எண்ணெய் திரும்பிப் போக வழியில்லாமல் சூடேறி, சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். மாமா தேங்காய் உடைத்த நேரத்தில் ஆறியது, அதனால் விட்டது. அவ்வளவுதான் விஷயம்.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினேன். கால் வைக்கும் பலகையைக் கழற்றி, ஸ்பானரால் நட்டைத் தளர்த்தி, பெடலோடு சேர்ந்த கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். கையால் அழுத்தினேன். சற்றே சும்மா போய், அப்புறம் பிடித்தது. “தள்ளுடா,” என்றேன். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். வண்டி சுகமாக உருண்டது.

மாமா இரண்டாவது தேங்காயையும் உடைத்துவிட்டுத்தான் ஏறினார்.

மண்டபத்தில் கை கழுவக்கூட நேரமில்லை. கெட்டிமேளம் கொட்டியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். நான் குனிந்து அடுத்ததைப் போட்டபோது என் கண் கலங்கிவிட்டது. மாமா என் விரல்களைப் பார்த்துவிட்டார்.

“மஞ்சக் கயித்துல கறுப்பு படுதேம்மா,” என்று காதருகே பதறினார்.

“திருஷ்டிப் பொட்டு மாமா, இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, மூன்றாவது முடிச்சை இறுக்கிப் போட்டேன்.