கடலைக் காட்டுக்கு வந்த வாத்தியாரம்மா

யுத்த காலத்தில், இளம்பிள்ளை என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அந்த அம்மா ஒருவர்தான் வாத்தியார். ஒடிசலான உடம்பு, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பிள்ளை வராவிட்டால் தேடிக்கொண்டு வந்துவிடுவார்.

கடலை பிடுங்கும் சமயத்தில் நிலத்துக்காரரான பண்ணாடி என் தங்கையைப் பள்ளிக்கு விடாமல் காட்டில் காய் பறிக்க வைத்தார். நானும் அங்கேதான் கூலி. அந்த அம்மா காட்டுக்கே வந்தார்.

"ஞாயித்துக்கெழமை அவ வேலைய நான் செய்யறனுங்க. திங்கக்கெழமை புள்ளைய அனுப்புங்க."

"அதுக்கென்னுங்க, செய்யுங்க" என்றார் பண்ணாடி.

சொன்னபடி வந்து பொழுது சாயும்வரை பறித்தார். விரல் நுனியெல்லாம் ரத்தம். திங்களன்று அந்தப் பாவி தங்கையை அனுப்பவில்லை. கேட்க வந்த வாத்தியாரம்மாவிடம், "நல்லாத்தான் பறிக்கறீங்க. அடுத்த வாரமும் வாங்க சாமி" என்று இளித்தான்.

அவர் போய்ப் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டிவந்து, காட்டோரம் வண்டித்தடத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். தங்கை காய் பறித்தபடியே வாய்ப்பாடு கத்தினாள். கூலிப் பெண்களும் சேர்ந்து கத்தினார்கள். வேலை நின்றுபோனது.

"இந்தச் சனியனக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க!" என்றான் பண்ணாடி.

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மா, அவனைக் கும்பிட்டு, "வாரனுங்க" என்றார். அவனுக்கு எதற்குக் கும்பிடு? இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.