எண்ணெய் காஞ்சிருச்சா?

சின்னமனூரில் நாங்கள் கட்டிய புது வீட்டின் பலா மரக் கதவுக்கு வார்னிஷ் அடிக்க மாட்டேன் என்றேன். ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் போல அது பிசுபிசுத்துக்கொண்டே இருக்காது. காற்றுப் பட்டுக் காய்ந்து மரத்தோடு இறுகிவிடும்.

என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, இதை நம்பவில்லை. அவருக்குத் தெரிந்து எண்ணெய் காய்வது அடுப்பில்தான். கதவைக் கடக்கும்போதெல்லாம், "ஏத்தா, எண்ணெய் காஞ்சிருச்சா? வடையப் போட்டுருவமா?" என்பார். கொத்தனார்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்த வாரம் பார்த்து விடாத சாரல். ஈரக் காற்றில் இந்த எண்ணெய் மெதுவாகத்தான் காயும். பால் காய்ச்சுவதற்கு முந்தின நாளும் கதவு விரலில் ஒட்டியது. மதினி வார்னிஷ் டப்பாவோடு வந்து நின்றார்.

"நாளைக்கு அம்புட்டுப் பேரும் பட்டுச்சேலையில வருவாக. கதவுல ஒட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் மதினி. டப்பாவத் தொறக்காதீக."

மரம் குடித்தது போக மேலே நின்ற எண்ணெயைப் பழைய வேட்டியால் அழுத்தித் துடைத்தேன். காலையிலும் லேசாக ஒட்டியது. சந்தனக் கிண்ணத்தோடு கதவை மறைத்து நின்று, "உள்ள வாங்க, கதவத் தொடாதீக" என்று வந்த எல்லோரிடமும் சொன்னேன். யார் சேலையும் ஒட்டவில்லை.

வெயில் வந்ததும் கதவு காய்ந்தது. மதினியைக் கூப்பிட்டேன். உள்ளங்கையை வைத்து மேலும் கீழும் தேய்த்தார். கையை முகர்ந்தும் பார்த்தார்.

"சரி, வடை எங்க?"

"மொதல்ல அந்த வார்னிஷ் டப்பாவ எடுத்துட்டுப் போங்க, தர்றேன்."