அரை மணி நேரச் சட்டம் கேட்டுத் தஞ்சாவூர் போனது

எனக்கு சிக்கிள் செல் நோய். இரத்த அணுக்கள் அரிவாள்போல வளைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். எலும்புக்குள் வலி பிய்த்து எடுக்கும். இதற்கான ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் தனிநபர் மசோதா கொண்டுவர நினைக்கும் எம்.பி. ஒருவர், நோயாளிகளிடம் கருத்துக் கேட்கத் தஞ்சாவூரில் கூட்டம் வைத்திருந்தார். போன ஆடியில், நீலகிரி கூடலூரில் இருக்கும் என் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். எனக்கு ஒரே கோரிக்கைதான்: வலி என்று போனால் ஆஸ்பத்திரியில் நம்ப வேண்டும். ஒருமுறை, "நல்லா நடிக்கிற" என்று சொல்லிப் பகல் முழுக்க என்னை பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

கூடலூரிலிருந்து கோவைக்கு பஸ், ஏறக்குறைய 135 கி.மீ. அன்றே மேற்கொண்டு போகாதீர்கள். ஊட்டிக் குளிரும் வளைவுகளும் உடம்பை உலுக்கிவிடும். கோவையில் தங்கிக் காலை ரயில் பிடித்தேன். திருச்சி தாண்டியதும் இரண்டு பக்கமும் குறுவைப் பச்சை. ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு ஆட்டோ 120 ரூபாய். "பெரிய கோயிலுக்குத்தானே?" என்றார் ஓட்டுநர். கூட்டத்துக்கு என்றேன். "சரி, கோயில் எங்கயும் போயிடாது, ஏறுங்க" என்றார்.

உபசரிப்பில்தான் மாட்டிக்கொண்டேன். மலையிலிருந்து வந்தவளாயிற்றே என்று முதல் வரிசையில், ஏசிக்கு நேர் கீழே உட்கார வைத்து, ஐஸ் போட்ட ரோஸ்மில்க் கொடுத்தார்கள். எங்களுக்கு ஆகவே ஆகாதது குளிர். அதைத்தான் வாரி வழங்கினார்கள், அதுவும் சிக்கிள் செல் கூட்டத்தில்! மறுக்கக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்கால் குடையத் தொடங்கியது. எழுந்து தாழ்வாரத்து வெயிலுக்கு வந்துவிட்டேன்.

அங்கே சலீம் பாய் என்று ஒருவர் நின்றிருந்தார். கூத்தாநல்லூரில் உரக்கடை, கொஞ்சம் நிலம். அவர் குவைத்தில் வேலை பார்த்தபோது பிறந்த மகளுக்கும் இதே நோய். என் முகத்தைப் பார்த்ததுமே, "வலிக்குதாம்மா?" என்று கேட்டு வெந்நீர் வாங்கிவந்தார். பிறகு உள்ளே போய் என்ன சொன்னாரோ, எம்.பி.யே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒரே வரியில என்ன வேணும்னு சொல்லுங்கம்மா."

"வலின்னு சொன்னா நம்பணும் சார்."

"நம்பணும்னு சட்டத்துல எப்படிங்க எழுதுறது?" கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே யோசித்தார்.

பாய் முந்திக்கொண்டார். "நேரத்த எழுதுங்க சார். எங்க வாய்க்கால்ல முறை வச்சுத்தான் தண்ணி பாய்ச்சுவோம், இன்னாருக்கு இவ்ளோ நேரம்னு. 'பாத்து நியாயமா விடுங்க'ன்னு மட்டும் இருந்தா கடைமடைக்கு ஒரு சொட்டு வராது. வந்து அரை மணிக்குள்ள வலி ஊசி போடணும்னு எழுதுங்க. நம்புறாங்களோ இல்லையோ, போட்டாகணும்ல?"

எம்.பி. குறித்துக்கொண்டார். நிறைவேறும் என்று உறுதி சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

மாலையில் வலி முற்றிவிட்டது. பாய் தன் காரிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். "உக்காருங்க, பாக்குறோம்" என்றார் செவிலியர். எனக்கு அந்தப் பழைய பெஞ்சு பயம் வந்துவிட்டது. பாய் கவுண்டர் ஓரமாக நின்றுகொண்டு உரக்கச் சொன்னார்: "தங்கச்சி வந்து பத்து நிமிஷம் ஆச்சு." கொஞ்சம் பொறுத்து, "பதினஞ்சு. அரை மணிக்குள்ள ஊசி போட்டுடணும்ங்க."

செவிலியருக்கு எரிச்சல். "அரை மணின்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"வரப்போற சட்டத்துல" என்றார் பாய்.

அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தார். ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இந்த நோயோடு தஞ்சாவூர் போகிறவர்களுக்கு: ஃபிளாஸ்க்கில் வெந்நீர், எவ்வளவு வெயிலானாலும் ஒரு ஸ்வெட்டர், நோய் விவரம் எழுதிய டாக்டர் சீட்டு, மூன்றும் கையிலேயே இருக்கட்டும். பெரிய கோயிலுக்குக் காலையிலேயே, தரைக் கல் சுடுவதற்கு முன்னால் போய்விடுங்கள். குளிர்ந்த எதைக் கொடுத்தாலும் கூச்சப்படாமல் வேண்டாம் என்று சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மசோதா இன்னும் வரவில்லை. வரும்வரை ஆஸ்பத்திரிக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். வலியில் துடிக்கிறவர் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு சத்தம் போட முடியாது.