தண்ணீரில் ஒரு பங்கு

வெளிச்சம் வருமுன்னே நீச்சல் குளத்தைத் திறப்பவள் அவள்தான். எல்லோருக்கும் அவள் குளத்துக்காரி. விளக்குகளைப் போட்டதும் தண்ணீர் கண் விழிக்கும். கூரையெங்கும் நீல நெளிவுகள் ஓடும். சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து குளோரின் போதுமா என்று முடிவு செய்வாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து, யாரும் முங்கிவிடாமல் விடியற்காலை ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முட்டி வலிக்காரர் ஒருவர், ஒருவரோடொருவர் பேசாத ஒரு தம்பதி, பிரசவ நாள் நெருங்கிய ஆசிரியை. தரையில் காலை இழுத்து நடப்பவர்கள் தண்ணீரில் இறங்கியதும் மேகமாகிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்கும் உடம்பில் கனமே இருக்காது.

ஒரு மாதம் சம்பளச் சீட்டில் புது முத்திரை இருந்தது.

"நம்ம குளத்தை யாரோ பெரிய ஆளுங்க வாங்கிட்டாங்கடி," என்றாள் டிக்கெட் கொடுக்கும் தோழி. "ஊர்ல இருக்கிற தொழிலையெல்லாம் வாங்கிப் போடுற கம்பெனியாம். அந்தக் கம்பெனியோட பங்கு சந்தையிலயே கிடைக்குது, இந்தா பாரு."

குளத்துக்காரி தோழியின் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். தன்னை வாங்கியவர்களைத் தானும் வாங்கலாமா? சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துப் பங்கு வாங்கினாள். லாபக் கணக்கு எதுவும் மனதில் ஓடவில்லை. அந்தத் தண்ணீரில் ஒரு கையளவாவது தன் பேரில் இருக்கட்டும் என்ற ஆசைதான்.

நிறுவனத்திடம் பல் மருத்துவமனைகள் இருந்தன, ஒரு சுங்கச்சாலை இருந்தது, கடலுக்கடியில் ஓடும் இணையக் கம்பிகள்கூட இருந்தன. அவள் கனவுகளில் எல்லாம் ஒன்றாகக் கலந்தன. சுங்கச்சாலை குளத்துக்குள் இறங்கிப் போகும். வண்டிகள் ஓசையில்லாமல் நீந்தும். நிஜத்தில் ஒருநாள் பல் வலிக்காக நிறுவனத்தின் மருத்துவமனைக்குப் போனபோது, கோணலாகக் கிடந்த நாற்காலியை நேராக்கி, வீணாக ஓடிய மின்விசிறியை நிறுத்தினாள்.

"யாரும்மா நீங்க?" என்றாள் நர்ஸ்.

வீங்கிய கன்னத்தோடு சிரித்துவைத்தாள்.

வீட்டில், பார்சல் வண்டி ஓட்டும் கணவனின் கேலிக்கு அது நல்ல தீனி. "ஏம்மா, அந்தக் குளத்துல எத்தனை டைல்ஸ் உன்னோடது?"

"டைல்ஸை நீங்களே வச்சுக்கங்க. எனக்குத் தண்ணி போதும்."

அப்புறம்தான் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் வந்தது. ஆள் குறைவு, மின்செலவு அதிகம். விடியற்காலை நேரம் இந்த மாதத்தோடு நிறுத்தம். குளத்துக்காரி அதை நின்ற இடத்திலேயே மறுபடி மறுபடி படித்தாள். பகலில் குழந்தைகளின் கும்மாளத்துக்கு நடுவே முட்டி வலிக்காரர் எங்கே மிதப்பார்? தான் எங்கே மிதப்பது?

பங்குதாரர் கூட்டம் கைபேசியிலேயே நடந்தது. கேள்வி எழுத ஒரு கட்டம் இருந்தது. 'நம் குளத்தின் விடியற்காலை நேரத்தை நிறுத்த வேண்டாம். வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அவர்களுக்கு வேறு இடம் இல்லை,' என்று எழுதினாள்.

"கிழிச்சாங்க," என்றான் கணவன். ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

அவள் கேள்வியை நிஜமாகவே வாசித்தார்கள். அவள் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நிறுவனத் தலைவர் மென்மையாகச் சிரித்தார். "நல்ல கேள்வி. ஆனா அந்தத் தொழிலைப் போன வாரமே நல்ல விலைக்கு வித்துட்டோம். அடுத்த கேள்வி?"

கொஞ்ச நேரம் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை, காதில் தண்ணீர் புகுந்தது போல.

"விக்கிறதுக்குத்தான் வாங்குனாங்களா?"

"பின்ன? வாங்கித் தொடச்சு பளபளன்னு ஆக்கி விக்கிறதுதானே அவங்க பொழப்பு. பங்கு ஏறியிருக்கும், பாரு."

ஏறித்தான் இருந்தது.

"புதுசா வாங்குனவன் பங்கையும் வாங்கிடேன்," என்றான்.

"அவன் தனி ஆளுங்க. சந்தையில இல்ல."

பிடித்து இழுக்க ஒரு வால்கூட இல்லை. சொந்தம் என்று இத்தனை நாள் நினைத்தது எதை? மறுநாள் பங்குகளை விற்றாள். நேராகப் புது மேனேஜரிடம் போனாள்.

"விடியற்காலையை வாடகைக்குக் குடுப்பீங்களா சார்?"

"எதை?"

"அந்த ஒரு மணி நேரத்தை. நாங்களே திறந்து நாங்களே பூட்டிக்கிறோம்."

அவர் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு பேரம் பேசினார். நீந்துகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். ஆசிரியை, பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டாள். துண்டு விழுந்ததைப் பங்கு விற்ற பணம் அடைத்தது.

"இது எவ்வளவு நாளைக்கு வரும்?" என்றான் கணவன்.

"மழைக்காலம் வரைக்கும்."

"அப்புறம்?"

"நீங்களும் சேந்துக்கங்க. ஆளுக்குக் கொஞ்சம் குறையும்."

"எனக்கு நீச்சலே தெரியாதேடி!"

வாடகை தொடங்கிய முதல் நாள், அவன் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, குளிரை வாய்க்கு வந்தபடி திட்டியவாறு மார்பளவு தண்ணீரில் நின்றான். அவள் நாற்காலியை விட்டு இறங்கிப்போய் அவன் முதுகுக்கடியில் கையைக் கொடுத்தாள்.

"கம்பியை விடுங்க."

"முங்கிட்டா?"

"என் வேலையே அதுதாங்க. விடுங்க."

விட்டான்.