மூன்றரைக்கு மூடிய ஏலம்

1. சிவப்பு எழுத்து

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் மூன்று நாற்பதுக்கு ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன். கம்ப்யூட்டர்கள் உயிர் பெற்றன. என்னோடு வேலை செய்த நிரோஜன் ஏலத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தார். எட்டிப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி, ஏலம் மூடப்பட்டுவிட்டது என்று.

"என்னடாப்பா உது, இன்னும் அம்பது நிமிசம் கிடக்கு. உன்ர கம்ப்யூட்டர்ல நேரம் பிழை" என்று கத்தினேன்.

"நேரம் சரி அக்கா. நேற்று ஞாயிற்றுக்கிழமை, அங்க மணிக்கூட்டை மாத்தினவங்கள்."

இளையவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கிளிநொச்சியில் ஒரு அரிசி ஆலைக்குப் பக்கத்து மாடியில் பதினான்கு பேர் இருந்து, ஜேர்மனியில் உள்ள சின்ன மின்சார விற்பனைக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்தோம். நான் மேற்பார்வையாளர். அந்தக் கம்பனிக்குச் சொந்த மின்நிலையம் கிடையாது. தன் வாடிக்கையாளருக்கு நாளைக்குத் தேவையான மின்சாரத்தை இன்றைக்கே ஏலத்தில் வாங்கும். நாளின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் எவ்வளவு வேண்டும், எந்த விலை வரை தருவோம் என்று நாங்கள் கணக்குப் போட்டு அனுப்புவோம். அதற்குப் பெயர் பிட். அவர்களுடைய மதியம் பன்னிரண்டுக்கு ஏலம் மூடும். குளிர்காலம் முழுக்க எங்களுக்கு அது பின்னேரம் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு மூன்றரை.

இதை முந்திய கிழமையே அந்தக் கம்பனியில் இருந்த குகன் அண்ணை மின்னஞ்சலில் எழுதியிருந்தார். "சரி அண்ணை" என்று பதில் போட்டவளும் நான்தான். அதற்குப் பிறகு டீசல் யோசனையில் மறந்துபோனேன். நாட்டில் டீசலும் கரண்டும் இல்லாத நாட்கள் அவை. எங்கள் பக்கம் பகல் ஒரு மணிக்குக் கரண்ட் போனால் ஐந்துக்குத்தான் வரும். ஒரு கான் டீசலைச் சேர்த்து வைத்து, எத்தனை மணிக்கு ஜெனரேட்டர் போடுவது, எத்தனை மணிக்கு நிற்பாட்டுவது என்று பலகையில் எழுதினேன். எல்லாம் நாலரையை நம்பி எழுதிய கணக்கு.

2. காற்று நின்றால்

குகன் அண்ணை கிளிநொச்சிப் பக்கத்து அக்கராயன்காரர். ஜேர்மனிக்குப் போய் இருபது வருசத்துக்கு மேல். அந்தக் கம்பனியில் வேலை செய்துகொண்டு, இந்த வேலையை வன்னிக்குக் கொடுங்கள் என்று தன் மேலாளரிடம் ஒற்றைக் காலில் நின்று வாங்கித் தந்தவர். மேலாளருக்குத் தொடக்கத்திலிருந்தே எங்கள் மேல் நம்பிக்கை இல்லை. ஒரு பிட் தவறினாலும் ஒப்பந்தம் போய்விடும் என்று பதினான்கு பேரும் பயந்துகொண்டிருந்தோம். நிரோஜன் இந்த வேலைக்காகவே கொழும்பு வேலையை விட்டுவிட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவர்.

நேரமும் கெட்ட நேரம். வடகடலில் காற்று அடித்தால் அங்கே மின்சார விலை விழும். காற்று நின்றால் எரிவாயு எரிக்க வேண்டும், விலை ஏறும். உக்ரைன் சண்டை தொடங்கிய பிறகு எரிவாயு விலையே ஓரிடத்தில் நிற்கவில்லை. காலையில் பார்த்த விலை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் இல்லை. வீட்டில் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் விறகு கொத்திவிட்டு வந்து, ஐரோப்பாவின் காஸ் விலைக்கு நெஞ்சு பதறுவோம். எனக்கு எப்போதும் பொறுமை கிடையாது. அந்த மாதங்களில் கதிரையில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் இருந்த ஞாபகம் இல்லை.

பிட் தவறினால் மின்சாரம் வராமல் போகாது. ஆனால் அடுத்த நாளைக்கானதை மணித்தியாலம் மணித்தியாலமாக, விற்பவன் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். அந்தத் திங்கள் காற்றும் நின்றிருந்தது.

டவர்க்காரரும் ஜெனரேட்டர் போட்டார்களோ என்னவோ, நாலு மணி போல் போனில் சிக்னல் வந்தது. கரண்ட் இல்லாவிட்டால் போன் டவரும் படுத்துவிடும்; அலுவலக இணையம் மட்டும் தனிக் கேபிளில் வரும். குகன் அண்ணையின் ஆறு தவறிய அழைப்புகள் ஒன்றாக வந்து விழுந்தன. கையோடு அவரே மறுபடி எடுத்தார்.

"என்ன தங்கச்சி நடந்தது? பிட் வரேல்லையே."

என் வாயில் வந்தது இதுதான்: "கரண்ட் இல்லை அண்ணை. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. அந்த நாட்களில் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். கலியாண வீட்டுக்குப் பிந்திப் போனாலும் கரண்ட், வங்கியில் கையெழுத்துப் பிழைத்தாலும் கரண்ட். யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். குகன் அண்ணையும் கேட்கவில்லை.

"ஓம், செய்தியில பாத்தனான். பாவங்கள் நீங்கள், என்ன செய்யிறது. நான் இஞ்ச சமாளிக்கிறன்."

போனை வைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது. வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிரோஜன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

3. மரியாதையான கடிதம்

இரண்டு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். உங்கள் ஊழியர்களின் திறமையில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் மின்சாரமும் எரிபொருளும் உறுதியில்லாத இடத்தில் இந்த வேலையை வைத்திருக்க முடியாது, மாத முடிவோடு வேறு நாட்டுக்கு மாற்றுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

வாசித்துவிட்டு ஸ்கந்தபுரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நடந்தேன், உள்ளே வந்தேன், திரும்ப நடந்தேன். பிறகு குகன் அண்ணைக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். டீசல் இருந்தது, நேரத்தை மறந்தது நான், எல்லாம்.

அவர் முதலில் கேட்டது இதுதான்.

"வாசுகி, நீர் ஏன் இதை அண்டைக்கே சொல்லேல்லை?"

"பயந்திட்டன் அண்ணை."

"நேரம் மாறினதை மறந்திட்டம் எண்டு சொல்லியிருந்தா, எங்கட மேலாளர் ரெண்டு நாள் கத்திக் குளறியிருப்பான். நான் மூண்டு மணிக்கு ஒரு அலாரம் வச்சு விசயத்தை முடிச்சிருப்பன். இஞ்ச எங்கட பெடியளும் நேரத்தை மறந்திருக்கினம், ஒருத்தனையும் வேலையால நிப்பாட்டேல்லை. கரண்ட் இல்லை எண்டு சொன்னா நான் எதைத் திருத்திறது? அவன் என்னட்டக் கேட்டவன், இனிமேலும் கரண்ட் போகுமோ எண்டு. போகும் எண்டுதானே நான் சொல்ல வேணும்?"

மேலாளரிடம் உண்மையை இப்போது சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். புது இடத்தோடு கையெழுத்து வைத்தாகிவிட்டது என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

அடுத்த நாள் மற்றப் பதின்மூன்று பேரையும் இருத்திச் சொன்னேன். இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி எழும்பிப் போய்விட்டாள், அதற்குப் பிறகு என்னோடு கதைப்பதில்லை. அதில் நியாயம் இருக்கிறது. நிரோஜனிடம் தனியாகக் கேட்டேன், "உனக்குத் தெரியும்தானே, நீ ஏன் வாய் திறக்கேல்லை?"

"எனக்கும் அண்டைக்கு அது நல்ல மறுமொழி மாதிரித்தான் கிடந்தது அக்கா" என்றார். வைகாசியில் அவர் தனியாகக் கொழும்புக்கு பஸ் ஏறினார். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைத் திரும்பவும் மாற்ற மனைவி சம்மதிக்கவில்லை.

இன்றைக்கு வேறொரு நிறுவனத்தில் வேறு வேலை பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தங்கள் பிழைக்கு மழையையும் சிக்னலையும் காரணம் சொல்லும்போது எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது, அதனால்தான் இதை எழுதினேன். உங்கள் பிழையை உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். என் பிழை என்று நான் சொல்லியிருந்தால், அவர்கள் மிஞ்சிப்போனால் என்னை வேலையிலிருந்து எடுத்திருப்பார்கள். நான் கிளிநொச்சியின் பிழை என்று சொன்னேன். அவர்கள் கிளிநொச்சியை எடுத்துவிட்டார்கள்.