உள்ளங்கைத் திரையில் ஒரு பந்தி

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று அம்மா இருந்தார், நான் இருந்தேன், ஆறு வருஷமாக எங்கள் வாசலை மிதிக்காத பெரியப்பாவும் வந்திருந்தார். அக்கா மட்டும் இல்லை. அந்த வீட்டுச் செங்கல்லில் பாதி அவள் நூல் மில்லில் நின்று சம்பாதித்தது. லீவு கிடைக்கவில்லை.

பெரியப்பாவை அழைத்ததும் அவள்தான். தோட்டத்துக்குப் போகும் வண்டித்தடம் யாருக்கு என்ற சண்டையில் பேச்சை நிறுத்தியவர் அவர். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அக்கா தனியாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறாள். "பாக்கலாம் கண்ணு" என்று மட்டும் சொன்னாராம். அவர் வந்தார் என்று அம்மா மில் ஹாஸ்டல் போனில் சொன்னபோது, "சும்மா என்னச் சமாதானம் பண்றீங்க" என்று வைத்துவிட்டாள்.

ஹாஸ்டலில் செல்போன் வைத்திருக்கக் கூடாது. பாட்டுக் கேட்கும் பெட்டிக்குத் தடையில்லை. படமும் ஓடும் பெட்டி ஒன்றை உக்கடத்தில் பாய் ஒருவர் வைத்திருந்த கடையில் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை. வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் பார்வை நாள், வீட்டார் போய்ப் பார்க்கலாம். அன்றைக்கு வீட்டையே அவள் கையில் கொடுத்துவிடலாம்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பால் காய்ச்சியதைப் படம் எடுத்த வீடியோக்காரர் கொடுத்த டிவிடியிலிருந்து படத்தை அப்படியே பெட்டிக்குள் போட்டேன். ஓடவில்லை. பாய்க்குப் போன் செய்தேன்.

"தம்பி, அது சின்ன வயிறு. பெரிய படத்த முழுங்காது. ஏவிஐங்கற வகையா மாத்தி, சைஸைக் கொறச்சு ஊட்டுங்க."

எங்கள் வீட்டில் காலேஜ் வரை போனவன் நான் ஒருவன்தான். அதனால் கரண்டில் ஓடும் எதுவும் என் பொறுப்பு. அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் படத்தை மாற்றும் சாப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். முதல் தடவை படம் வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை சத்தம் வந்தது, ஆட்கள் நீண்டுவிட்டார்கள்.

அம்மா எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, எல்லாரும் முருங்கக்காயாட்டம் இருக்கறாங்க?"

சனிக்கிழமை காலையில், மூன்றாம் தடவை, அகலம் முந்நூற்று இருபது, உயரம் இருநூற்று நாற்பது என்று நானே எண்ணைப் போட்டேன். பால் பொங்கியது, நாதஸ்வரம் கேட்டது, அம்மா அம்மா மாதிரியே இருந்தார். நான் குதித்த குதியில் நாற்காலி சாய்ந்தது.

அம்மா கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டார். "பந்தி எங்க?"

"எடம் பத்தலைம்மா. சோறு திங்கறதுதானேன்னு வெட்டிப்போட்டேன்."

"பந்தியவா வெட்டிப்போட்டே? நல்லாப் படிச்சே போ! உங்கக்கா பால் பொங்குனதையா பாப்பா? பெரியப்பன் உக்காந்து சாப்டாரா, எலைய எந்தப் பக்கம் மடிச்சாருன்னுதான் பாப்பா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறவு வேண்டும் என்கிறவர் இலையைத் தன் பக்கமாக மடிப்பார். வேண்டாம் என்றால் எதிர்ப்பக்கம். அவர் எப்படி மடித்தார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், அம்மா அடுப்படியில் இருந்தார்.

பஸ் பிடித்துப் பெரியநாயக்கன்பாளையம் போனேன். முதலில் நுழைந்த செல்போன் கடையில் பெரிய மெமரி கார்டு இல்லை. இரண்டாம் கடையில் இருந்தது. திரும்பி வந்து முழுப் பந்தியையும் சேர்த்து மறுபடி மாற்றினேன். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு என்று எண் நகர நகர அம்மாவும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா இலை வருகிற இடத்தை நாங்கள் ஓட்டிப் பார்க்கவில்லை. "அவளே மொதல்ல பாக்கட்டும்" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் வேப்பமரத்தடியில் அக்கா ஒரு காதில் இயர்போனை மாட்டி, இன்னொன்றை அம்மா காதில் செருகினாள். அம்மா சொன்னது சரி. பால் பொங்குவதைப் பாதியில் தள்ளிவிட்டாள்.

"இருக்கறாரு! தம்பி, ரெண்டாம் வரிசைல பெரியப்பன் இருக்கறாரு! ரசம் ரெண்டாம் தடவ கேக்கறாருடா!"

கேமரா வரிசையோடு நகர்ந்து போனது. பெரியப்பா ஓரத்தில், நகத்தளவுக்குத் தெரிந்தார். திரையை விட்டே போய்விடுவாரோ என்று நானும் குனிந்து பார்த்தேன். பச்சையாக ஏதோ அசைந்தது. அக்கா நிறுத்தி, பின்னால் தள்ளி, பெட்டியை மூக்கருகே வைத்து மறுபடி ஓட்டினாள்.

"தன் பக்கமா மடிச்சுட்டாரு!"

அவள் போட்ட சத்தத்தில் வார்டன் அம்மா திரும்பிப் பார்த்தார். அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த ஒரு இலையை நான்கு தடவை மடிக்கவைத்தாள். பிறகுதான் முதலிலிருந்து போட்டு, வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் அடித்திருக்கிறோம் என்று பார்த்தாள்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவுடா ஆச்சு? மறைக்காமச் சொல்லு."

பெட்டி, பந்திக்காக வாங்கிய கார்டு, பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய் என்று மறைக்காமல் சொன்னேன்.